சிறுகோள் பட்டைக்கு ஒரு சல்லடை

விண்வெளிக் கதைக்களத்தில் ஆடும் ரோல்பிளே விளையாட்டுகளில் சிறுகோள் பட்டை என்பது பெரும்பாலும் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் போட்ட ஒரு வட்டம்தான். கப்பல் அதற்குள் நுழைந்ததும் ஆட்டக்காரர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள். கல் எவ்வளவு பெரியது? அடுத்த கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எதனால் ஆனது? அதன்மேல் இறங்க முடியுமா? நமக்கு முன்னால் யாராவது வந்துபோயிருக்கிறார்களா? இவற்றுக்கான விடைகளை ஆட்டத்துக்கு முன்பே ஒரு வரிக் குறியீடாக எழுதிவைப்பதே பட்டையை வகைப்படுத்தும் வேலை. ஆட்டக்காரரின் முடிவை மாற்றாத விவரத்துக்கு அந்த வரியில் இடமில்லை. இந்தத் தொழிலின் முதல் விதியும் கடைசி விதியும் இதுதான்.

அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1977-இல் வெளியிட்ட டிராவலர் விளையாட்டில் ஒவ்வோர் உலகின் பருமனையும் ஓர் இலக்கம் குறிக்கிறது. பருமன் 0 என்றால் அது சிறுகோள் பட்டை. சரக்குக் கப்பல் ஓட்டி வாணிபம் செய்யும் ஆட்டத்துக்கு அந்தப் பூஜ்யம் போதும். கல்லைத் தோண்டிப் பிழைக்கும் ஆட்டத்துக்குப் போதாது. அதனால்தான் பின்னால் வந்த விரிவு நூல்கள் எந்த அளவுக் கல் அதிகம், எங்கே உலோகம், எங்கே கரி என்று பிரிக்கத் தொடங்கின.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் ஆடும் குழுவுக்கு இந்தப் பிரிப்பைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளில் நெடுங்காலம் கல் உடைத்தார்கள். கிரஷரில் அரைபட்டுச் சல்லடையில் விழுந்த கல்லுக்கு அங்கே ஏற்கெனவே பெயர் உண்டு: பவுடர், சிப்ஸ், முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, போல்டர். வீடு கட்டுகிறவர் எவருக்கும் முக்கால் ஜல்லி தளத்துக்கு, ஒன்றரை ஜல்லி அடித்தளத்துக்கு என்பது தெரியும். பெயரைச் சொன்னாலே கல்லின் அளவும் அதன் உபயோகமும் சேர்ந்து புரிந்துவிடுகின்றன. நல்ல வகைப்பாட்டிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கீழே உள்ள முறை அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு ஆறு தலைப்புகளில் பட்டையைப் பிரிக்கிறது.

அளவு

முதல் இலக்கம் கல்லின் விட்டத்தைக் குறிக்கும். 10 மீட்டருக்குக் கீழே இருப்பது பவுடர், குறியீடு 1. 10 முதல் 100 மீட்டர் வரை சிப்ஸ், 2. 100 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை முக்கால், 3. 1 முதல் 10 கிலோமீட்டர் வரை ஒன்றரை, 4. அதற்கு மேல் போல்டர், 5.

இந்த இலக்கம் பட்டையிலேயே பெரிய கல்லைச் சொல்வதில்லை; எண்ணிக்கையில் அதிகமான கல்லையும் சொல்வதில்லை. எந்தப் பட்டையிலும் பவுடர்தான் அதிகம். நம் சூரியக் குடும்பத்தின் முதன்மைப் பட்டையில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டவை இருநூற்றுச் சொச்சம். 1 கிலோமீட்டருக்கு மேற்பட்டவையோ பத்து லட்சத்தைத் தாண்டும். ஆகவே இலக்கம் குறிப்பது ஒரு கப்பல் போய் வேலை செய்வதற்கு ஏற்ற, எளிதில் கிடைக்கும் கல்லின் அளவை. மிகப் பெரிய கல்லைத் தனியே பெயரோடு எழுதிவைப்பது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. 1801 ஜனவரி 1 அன்று பியாஸி கண்டறிந்த சீரிஸ் சுமார் 940 கிலோமீட்டர் விட்டம் கொண்டது. முழுப் பட்டையின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது.

பகடையால் தீர்மானிப்பதானால் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டலாம். கூட்டுத்தொகை 2–3 வந்தால் பவுடர், 4–5 சிப்ஸ், 6–8 முக்கால், 9–10 ஒன்றரை, 11–12 போல்டர். 36 வாய்ப்புகளில் 16 முக்காலுக்குப் போகும். இரு ஓரங்களுக்கும் மும்மூன்றுதான் கிடைக்கும்.

அளவைக் கப்பலிலிருந்து எப்படி அறிவது என்பதற்கு சென்னையிலேயே பழைய வரலாறு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று 67-ஆம் எண் சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து முதலில் காணப்பட்டது என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். தொடர்ந்து 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா என மேலும் நான்கை அதே இடத்திலிருந்து கண்டார். இன்றும் வானியலார் கையாளும் ஒளிப்பொலிவு அளவுகோலை 1856-இல் முன்வைத்தவரும் அவரே. ஐந்து படி வேறுபாடு என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு வேறுபாடு என்பது அதன் கணக்கு.

தொலைவில் தெரியும் சிறுகோள் எவ்வளவு வெளிச்சமானது என்பதை வைத்துத்தான் அதன் விட்டத்தை மதிப்பிடுகிறார்கள். ஆனால் பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது தெரியாமல் அந்தக் கணக்கு முடிவதில்லை. தனிப்பொலிவு, அதாவது எல்லாக் கற்களையும் ஒரே தூரத்தில் வைத்தது போலக் கணக்கிட்ட ஒளிப்பொலிவு, 18 என்று வைத்துக்கொண்டால், விழும் ஒளியில் நூற்றுக்கு 20 பங்கைத் திருப்பும் கல்லின் விட்டம் சுமார் 750 மீட்டர். 4 பங்கை மட்டும் திருப்பும் கரிய கல்லானால் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர். ஆட்டத்தில் இது நேரடியாகப் பயன்படும். தொலைநோக்கியால் மட்டும் பார்த்த குழுவிடம் இரண்டு விட்டங்களைச் சொல்ல வேண்டும். நிறமாலை எடுத்துக் கல்லின் வகையை அறிந்த குழுவிடம் ஒன்றைச் சொன்னால் போதும். முக்கால் என்று நம்பிப் போன கப்பல் ஒன்றரைக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு இதனால் தானாகவே ஆட்டத்துக்குள் வருகிறது.

அடர்த்தி

திரைப்படங்களில் சிறுகோள் பட்டை என்றால் கற்களுக்கிடையே கப்பல் வளைந்து நெளிந்து தப்புவது. உண்மையான பட்டை கிட்டத்தட்ட வெற்றிடம். கிலோமீட்டர் அளவுள்ள ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். அது நிலவின் தூரத்தைப் போல இரண்டரை மடங்கு. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பலுக்கு அந்த இடைவெளியைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். 1972–73-இல் பட்டையை முதலில் கடந்த பயனியர் 10 சேதமின்றிப் போனது. பின்னால் கலிலியோ விண்கலம் 1991-இல் காஸ்ப்ராவையும் 1993-இல் ஐடாவையும் பார்த்ததற்கு, அவற்றை நோக்கித் திட்டமிட்டுச் செலுத்தியதே காரணம்.

அதனால் இரண்டாம் இலக்கத்துக்குப் பகடை வேண்டியதில்லை; பட்டையின் வயதே அதைத் தீர்மானிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் பட்டைக்கு 1, பத்து லட்சம் கிலோமீட்டர் இடைவெளி. நிறை மிகுந்த இளம் விண்மீன் குடும்பத்துக்கு 2, ஒரு லட்சம் கிலோமீட்டர். அண்மையில் பெரிய கோள் ஒன்று சிதறிய இடத்துக்கு 3, பத்தாயிரம் கிலோமீட்டர். சிதறிச் சில ஆண்டுகளே ஆன மேகத்துக்கு 4, ஆயிரம் கிலோமீட்டருக்குள். கோளைச் சுற்றும் வளையத்துக்கு மட்டும் 5. மோதலுக்குப் பகடை உருட்டுவது 4, 5 ஆகிய இரண்டில் மட்டும். 1 என்று எழுதிய பட்டையில் ஆபத்து கல்லால் வருவதில்லை. அதே கல்லைத் தேடி வரும் இன்னொரு கப்பலால் வரும். பரபரப்புக்காக எல்லாப் பட்டையிலும் மோதல் வைக்கும், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர், தன் ஆட்டக்காரர்கள் எந்தப் பட்டைக்குள்ளும் நுழைய மறுப்பதைச் சீக்கிரமே காண்பார்.

இடம்

மூன்றாம் இலக்கம் பனிக்கோட்டைப் பொறுத்தது. விண்மீனிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால் நீர் பனியாக உறைந்து நிற்கும் என்பதே பனிக்கோடு. சூரியனுக்கு அதை 2.7 வானியல் அலகு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வானியல் அலகு சுமார் 15 கோடி கிலோமீட்டர். மற்ற விண்மீன்களுக்கு, சூரியனோடு ஒப்பிட்ட ஒளிர்வின் வர்க்கமூலத்தால் 2.7-ஐப் பெருக்க வேண்டும். சூரியனில் நாலில் ஒரு பங்கு ஒளிரும் விண்மீனுக்குப் பனிக்கோடு 1.35 வானியல் அலகில் விழும். முழுதும் உள்ளே இருக்கும் பட்டைக்கு 1, கோட்டின் இருபுறமும் கிடப்பதற்கு 2, முழுதும் வெளியே இருப்பதற்கு 3. புளூட்டோவையும் அதன் நிலவையும் தவிர்த்த முதல் உறுப்பினரை டேவிட் ஜூயிட்டும் ஜேன் லூவும் 1992-இல் கண்ட கைப்பர் பட்டை 3-க்கு உதாரணம்.

இதே தலைப்பின் கீழ் இடைவெளிகளையும் குறித்துவைக்க வேண்டும். பட்டைக்கு வெளியே பெருங்கோள் ஒன்று சுற்றினால், அதன் ஈர்ப்பு சில பாதைகளைத் துடைத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் டேனியல் கிர்க்வுட் கவனித்தது இதைத்தான். சிறுகோள் மூன்று சுற்று முடிக்கும்போது வியாழன் ஒரு சுற்று முடிக்கும் பாதை 2.5 வானியல் அலகில் இருக்கிறது. அங்கே கற்கள் மிகக் குறைவு. எந்த விண்மீன் குடும்பத்துக்கும் பொருந்தும் கணக்கு சுலபமானது. பெருங்கோளின் தூரத்தை 0.48, 0.54, 0.63 ஆகியவற்றால் பெருக்கினால் மூன்று முக்கிய இடைவெளிகள் கிடைக்கும். வியாழனின் 5.2-ஐ வைத்துப் பெருக்கிப் பார்த்தால் 2.5, 2.8, 3.3 என்று நம் பட்டையின் இடைவெளிகளே வரும். பெருங்கோள் இல்லாத குடும்பத்தில் இடைவெளி போடக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே வரைபடம் நம்பும்படியாகிவிடும்.

வகை

1975-இல் சாப்மன், மாரிசன், ஜெல்னர் ஆகியோர் சிறுகோள்களைக் கரி சார்ந்தவை, சிலிகேட் சார்ந்தவை என்று பிரித்துக் காட்டினார்கள். 1984-இல் தோலன் அதை 14 வகையாக விரித்தார். 2009-இல் பஸ்–டிமியோ முறை 24 வகைக்குப் போனது. ஆய்வுக்கு 24-ம் தேவை. ஆட்டத்துக்கு நான்கு போதும். கரிக்கு க, சிலிகேட் கல்லுக்கு சி, உலோகத்துக்கு உ, பனிக்கு ப. ஒன்றுக்கு மேல் கலந்திருந்தால் அதிகமானது முதலில் வரும்.

நம் பட்டையின் உட்புறத்தில் சிலிகேட் அதிகம். வெளிப்புறத்தில் கரி அதிகம். அறியப்பட்டவற்றில் நாலில் மூன்று பங்கு கரிதான். ஆட்டத்துக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். பனிக்கோட்டுக்கு உள்ளே பத்தில் ஆறு சிலிகேட், மூன்று கரி, ஒன்று உலோகம். வெளியே எட்டு கரி, ஒன்று சிலிகேட், ஒன்று உலோகம். மிக வெளியே போனால் எல்லாமே பனி.

புதிய ஆட்டக்காரர்கள் எப்போதும் உலோகத்தைத் தேடி ஓடுவார்கள். விண்வெளியில் விலை போவது பெரும்பாலும் நீர். நீரைப் பிரித்தால் எரிபொருளும் மூச்சுக்காற்றும் கிடைக்கும். நீரைச் சுமந்திருப்பது கரி வகைக் கல். முழு உலோகக் கல் என்று எண்ணப்பட்ட சைக்கீகூட, அடர்த்தியைத் திருத்திக் கணக்கிட்ட பிறகு, உலோகமும் பாறையும் கலந்ததாகவே தோன்றுகிறது. 2023 அக்டோபரில் கிளம்பிய விண்கலம் 2029-இல் அங்கே சேர வேண்டும். விலைப்பட்டியல் போடும்போது பனிக்கோட்டுக்கு உள்ளே நீரின் விலையை ஏற்றியும், வெளியே உலோகத்தின் விலையை ஏற்றியும் வைத்தால் இரண்டு வகைக் கல்லுக்கும் ஆட்டத்தில் வேலை இருக்கும்.

வகையை அறிவதில் இன்னொரு பயன், ஒரு துண்டு எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று சொல்ல முடிவது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துக் குன்றுகளின் பாறையே என்று கண்டு, 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். வானியலிலும் இப்படி நடந்திருக்கிறது. பூமியில் விழுந்த ஒரு தொகுதி விண்கற்களின் நிறமாலை வெஸ்டா சிறுகோளோடு பொருந்துவதை 1970-இல் கண்டார்கள். 2011–12-இல் வெஸ்டாவைச் சுற்றிய டான் விண்கலம் அதை உறுதிப்படுத்தியது. 1918-இல் ஜப்பானின் ஹிராயாமா, ஒரே கல் உடைந்து உண்டான சிறுகோள்கள் ஒத்த பாதைகளில் குடும்பமாகச் சுற்றுவதைக் காட்டினார். ஆட்டத்தில் திருட்டுத் தாது எங்கே வெட்டப்பட்டது என்று துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல அடிப்படை கிடைக்காது. பட்டையில் இரண்டு மூன்று குடும்பங்களைப் பெயரோடு எழுதிவைத்தால் போதும்.

கட்டு

ஐந்தாம் இலக்கம், கல் ஒரே பாறையா, கற்குவியலா என்பதைச் சொல்லும். 1 என்றால் ஒரே பாறை, 2 விரிசல் விட்டது, 3 குவியல். சுமார் 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுழல்பவை மிக அரிது. அதைவிட வேகமாகச் சுழன்றால் தளர்ந்த குவியல் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதே விளக்கம். ஆகவே முக்கால் முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் 3 என்று எழுதிவிட்டு, விதிவிலக்கை மட்டும் தனியே குறித்தால் தவறாகாது. சிப்ஸும் பவுடரும் ஒரே பாறையாக இருக்கலாம்; சில நிமிடங்களில் ஒரு சுற்று சுழலவும் செய்யலாம். அவற்றில் கப்பலைக் கட்டுவதற்கு முன் சுழற்சியை நிறுத்தியாக வேண்டும்.

போக்சன் கண்ட சில்வியா இந்தத் தலைப்புக்கு நல்ல பாடம். நூறாண்டுக்கும் மேலாக அது ஒற்றைக் கல் என்றுதான் கருதப்பட்டது. 2001-இல் ஒரு துணைக்கோள் தெரிந்தது. 2005-இல் இரண்டாவது அறிவிக்கப்பட்டது. ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாகத் தெரியவந்த முதல் சிறுகோள் அதுதான். துணைக்கோள்களின் ஓட்டத்தை வைத்து நிறையைக் கணக்கிட்டபோது சில்வியாவின் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூடுதல் என்று தெரிந்தது. உள்ளே நிறைய வெற்றிடம் இருப்பதாகப் பொருள்.

குவியலில் இறங்குவதற்கும் பாறையில் இறங்குவதற்கும் விதிகள் வேறு. 2020-இல் பென்னு சிறுகோளைத் தொட்ட ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை சுமார் அரை மீட்டர் உள்ளே போனது. அந்தப் பரப்பில் நங்கூரம் நிற்காது. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் மோதியதும், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றும் டைமார்ஃபஸின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. மோதலில் தெறித்த கற்களும் சேர்ந்து தள்ளியதுதான் அவ்வளவு மாற்றத்துக்குக் காரணம். கல்லைத் தள்ளி ஆயுதமாக்க நினைக்கும் ஆட்டக்காரருக்கு 1-இலும் 3-இலும் விளைவு வேறுவேறாக இருக்க வேண்டும்.

தப்பும் வேகத்துக்குத் தனி இலக்கம் வேண்டாம். விட்டத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நொடிக்கு அரை மீட்டர் என்று கணக்கிட்டால் சாதாரணப் பாறைக்குச் சரியாக வரும். 1 கிலோமீட்டர் கல்லில் மெல்ல எம்பினாலே ஆள் திரும்பி வரமாட்டார். பூமியில் அரை மீட்டர் உயரம் தாவுகிறவர் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் கிளம்புகிறார். அவரைப் பிடித்துவைக்க ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கல் வேண்டும். சீரிஸுக்கு இதே கணக்கு நொடிக்கு 470 மீட்டர் தரும்; அளந்த மதிப்பு சுமார் 510.

வரலாறு

ஆறாம் இலக்கம் மனிதர்களைப் பற்றியது. 0 தொடாதது, 1 அளந்து பட்டியலிட்டது, 2 வேலை நடப்பது, 3 வெட்டி முடித்துக் கைவிட்டது, 4 குடியிருப்பு உள்ளது, 5 மிகப் பழைய தடயம் உள்ளது.

பட்டியலிட்ட கல்லுக்குப் பெயர் எப்படி வரும் என்பதில் நிஜ வழக்கத்தையே பின்பற்றலாம். பாதை உறுதியான பிறகு எண், எண்ணுக்குப் பிறகு பெயர். காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் 1988-இல் கண்டது 4130 ராமானுஜன். சென்னையில் வளர்ந்த சதுரங்க வீரர் ஆனந்தின் பெயரில் 4538 விஷியானந்த் இருக்கிறது. பெரும்பாலான கற்களுக்கு எண் மட்டும் போதும். பெயர் வைத்த கல்லை நோக்கித்தான் ஆட்டக்காரர்கள் போவார்கள் என்பதால், பெயரைச் சிக்கனமாக வைப்பது நல்லது.

வெட்டி முடித்த இடத்தை வெறும் குழி என்று தள்ளக் கூடாது. குன்றத்தூர் அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய மழைநீரை, 2017 வறட்சியின்போது சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். 3 என்று எழுதிய பட்டையிலும் இப்படி இரண்டாம் பயன் இருக்கலாம்: குடைந்த உள்ளறை, விட்டுப்போன கருவி, ஒதுக்கிய கழிவில் கிடக்கும் நீர். 5-க்கும் அருகிலேயே சான்று உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. தோண்டுகிறவர் தேடியது சரளை. கிடைத்தது மனித வரலாறு. 5-ஐ அரிதாகவே போட வேண்டும். ஒரு முழுத் தொடராட்டத்துக்கு ஒன்று போதும்.

வரியை எழுதுதல்

அளவு, அடர்த்தி, இடம், வகை, கட்டு, வரலாறு என்ற வரிசையில் எழுதினால் நம் முதன்மைப் பட்டை 4-1-2-க-3-1 ஆகிறது. பக்கத்தில் சீரிஸின் பெயரும் மூன்று இடைவெளிகளும் வரும்.

கற்பனைக் குடும்பம் ஒன்றுக்கும் போட்டுப் பார்க்கலாம். விண்மீனின் ஒளிர்வு சூரியனில் நாலில் ஒன்று, பெருங்கோள் 3 வானியல் அலகில், பட்டை 1.2 முதல் 1.9 வரை. பனிக்கோடு 1.35-இல் விழுவதால் இடம் 2. இடைவெளிகள் 1.44, 1.62, 1.89, கடைசியானது பட்டையின் வெளி விளிம்போடு சேர்ந்துவிடும். பகடையில் 9 வந்தால் அளவு ஒன்றரை. பழைய குடும்பம் என்பதால் அடர்த்தி 1. 1.35-க்கு உள்ளே சிலிகேட், வெளியே கரி. பட்டையின் பெரும்பகுதி வெளியே இருப்பதால் வகை கசி. கட்டு 3. முன்பு ஒரு கம்பெனி வெட்டி முடித்துப் போன இடம் என்று கேம் மாஸ்டர் தீர்மானித்தால் வரலாறு 3. முழு வரி 4-1-2-கசி-3-3.

இந்த வரியிலிருந்தே ஓர் ஆட்டத்துக்குத் தேவையானது கிளைத்துவிடும். எரிபொருள் குறைந்த கப்பல் 1.35-இன் பனிக்கோட்டைத் தாண்டிக் கரிக் கல்லைத் தேட வேண்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் தப்பான தேர்வுக்கு விலை உண்டு. தப்பும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இடையில் என்பதால் எல்லோரும் கயிறு கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பரப்பு தளர்வானது என்பதால் நங்கூரத்துக்குப் பதில் வலை வேண்டும். பழைய கம்பெனி விட்டுப்போன சுரங்கம் தங்க இடம் தரலாம். அதில் வேறொருவர் ஏற்கெனவே தங்கியும் இருக்கலாம்.

ஆட்டம் போகப் போக முதல் ஐந்து இடங்களும் மாறுவதில்லை. அவை இயற்கை வகுத்தவை. ஆறாம் இலக்கம் மட்டும் ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் திருத்தி எழுத வேண்டியது. 0 என்றிருந்தது 1 ஆகும், 1 என்றிருந்தது 2 ஆகும். ஆட்டக்காரர்கள் அந்தப் பட்டையில் என்ன செய்தார்கள் என்ற கணக்கு அந்த இலக்கத்தில்தான் நிற்கும். அதனால் அதை மட்டும் பென்சிலில் எழுதுவது வசதி.